சித்தியின் முகம்

எங்கள் பதிப்பகத்தில் படம் வரைகிறவளுக்குக் கண்ணாடிக்காரி என்று பெயர் வைத்தது நான்தான். தூரிகை இல்லாவிட்டாலும் அவள் மேசையில் முகம் பார்க்கும் கண்ணாடி இருக்கும். ராஜா கோபப்பட வேண்டுமா, கண்ணாடி முன் பல்லைக் கடிப்பாள். ராட்சசி சிரிக்க வேண்டுமா, வாயைக் காதுவரை இழுத்துக்கொள்வாள். கூரியர்க்காரர் ஒருமுறை பார்சலை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிப்போனார். பக்கத்து மேசையில் படத்தையும் எழுத்தையும் புத்தகப் பக்கங்களில் பொருத்துகிற எனக்கு அது தினமும் இலவசக் கூத்து.

மாடலாக உட்கார ஆள் வைக்க முதலாளிக்கு மனசு வராது. அதனால் எங்கள் தேவதைக் கதைப் புத்தகங்களில் கெட்டவர்கள் எல்லோருக்கும் அவள் சாயல். நல்லவர்களுக்குப் பழைய காலண்டர் முகம்.

நன்றாக விற்றது சித்தி கதைதான். ராஜகுமாரியின் மாற்றாந்தாய், வேறு ஆள் போல முகத்தை மாற்றி வேஷம் போட்டு வந்து, விஷம் கலந்த பாலைக் கொடுக்கிற கதை. கிண்ணத்தை நீட்டிச் சிரிக்கிற படம் ஒரு பக்கம் முழுக்க வரும். கண்ணாடிக்காரியை உரித்து வைத்த முகம்.

அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வயது ஏறியபின்தான் நடந்தது, மனைவியை இழந்த ஒரு எலக்ட்ரீஷியனோடு. அவருக்கு ஐந்து வயதில் ஒரு மகள்.

“ரெடிமேடா ஒரு பொண்ணு கிடைச்சிருக்குடி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தை அவளுடைய கண்ணாடிகூடப் பார்த்திருக்காது.

முதல் நாள் காலை குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டு போயிருக்கிறாள். குழந்தை அலறிக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்துவிட்டது. தலையணைக்குக் கீழே எங்கள் புத்தகம் இருந்தது, செத்துப்போன அம்மா மடியில் உட்கார்த்திப் படித்துக் காட்டிய புத்தகம்.

“பழகிடும்டி” என்று வாய் கூசாமல் சொன்னேன். பழகவில்லை. அவள் கை பட்ட சோற்றைக் குழந்தை தொடாது. காய்ச்சலில்கூட அப்பா கொடுத்தால்தான் மாத்திரையை விழுங்கியது. இவள் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் முதலாளியிடம் போய் நின்றாள். “சார், அந்தச் சித்தி முகத்தை மாத்தி வரைஞ்சு தரேன். கூலி வேண்டாம்.”

கூலி வேண்டாம் என்றால் எங்கள் முதலாளி நரகத்துக்குக்கூட அட்டைப்படம் போடுவார். உடனே சரி என்றார். கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வரைந்தாள். நீள மூக்கு, இடுங்கிய கண். அவள் சாயல் துளிகூட இல்லை.

புதுப் புத்தகம் வந்த அன்று என்னையும் துணைக்கு அழைத்துப் போனாள். குழந்தை பழசையும் புதுசையும் தரையில் பக்கத்துப் பக்கத்தில் விரித்து வைத்து மாறி மாறிப் பார்த்தது. இவள் சமையலறை வாசலிலேயே நின்றாள். கிட்டே போக அவளுக்குத் தைரியம் இல்லை.

“பாத்தியா கண்ணு? அது நான் இல்ல. வேற யாரோ.”

குழந்தை எழுந்துபோய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது. “மூஞ்சிய மாத்திக்கிட்டாங்கப்பா. கதையிலயும் அவ இப்படித்தான் மாத்திக்கிட்டு வருவா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்து என்ன பிரயோஜனம்? குழந்தை சொன்னதில் தப்பே இல்லை, கதை அப்படித்தான் போகிறது.

அடுத்த மாதம் குழந்தையின் அத்தை வந்து அதைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். பழைய புத்தகமும் கூடவே போனது. புதுசு கட்டில்மேல் கிடந்தது. கண்ணாடிக்காரியின் கணவர் மட்டும் வாராவாரம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். “நீ வந்தா அது சாப்பிடாதும்மா” என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாராம்.

போன வாரம் முதலாளி எங்கள் அறைக்கு வந்தார். “அடுத்த பதிப்புக்குப் பழைய படத்தையே போட்டுடலாம்மா. கலர் மட்டும் கொஞ்சம் தூக்கிக் குடு. புதுச் சித்தியைப் பாத்து எந்தக் குழந்தையும் பயப்படலையாம், கடைக்காரங்க சொல்றாங்க.”

கண்ணாடிக்காரி தலை நிமிராமல் தூரிகையைத் தண்ணீரில் நனைத்தாள்.

“ஒரு குழந்தை பயந்துச்சு சார்” என்றாள்.