அமெரிக்கக் குழாயும் ஜெர்மன் கிணறும்

சித்திரை வெயில் ஏறுமுன் புதுக்கோட்டையில் பஸ் ஏறினேன். குடிநீர் வேலைக்கான சூப்பர்வைசராக எனக்கு அது முதல் கோடை. பார்க்க வேண்டியவை இரண்டு: அமெரிக்கர் போட்டுத் தந்த ஆழ்துளைக் கிணறு, மேற்கு ஜெர்மானியர் உதவியால் ஆழப்படுத்திய பழைய கிணறு. பார்த்துவிட்டு அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டியது ஒன்று: திருமயத்துக்கு அப்பால், தண்ணீரே இல்லாத மூன்றாவது ஊருக்கு இவ்விருவரில் எவரிடம் உதவி கேட்கலாம்?

அன்னவாசல் பத்து மைல். அங்கிருந்து நடை. துளை போட இடம் தேடிய அமெரிக்கர், நீர் ஊறும் பாறை வெடிப்பைத்தான் பார்த்தார்களாம், தெருவைப் பார்க்கவில்லை. அதனால் கைப்பம்புக் குழாய் சேரியில் நின்றது. மேலத்தெருப் பெண்களும் அங்கேதான் வந்தாக வேண்டும். இது எனக்குப் பிடித்தது. ஆனால் கைப்பிடிக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள், தண்ணீர் வரவில்லை. தேய்ந்திருந்தது பம்புக்குள் ஒரு தோல் வாஷர்தான்.

“ஏன் பிரித்துப் பார்க்கவில்லை?”

“குடுத்தவுக வராம நாம கை வைக்கிறது மரியாதையாங்க?” என்றார் பம்புக்குக் காவலிருந்த கருப்பையா.

வாஷரை மாற்றினேன். தண்ணீர் வந்ததும் என்னையே அமெரிக்காக்காரி என்றார்கள்.

நண்பகலில், திருமயம் சாலையில் ஜெர்மன் கிணறு. எந்திரமும் பயிற்சியும் அவர்களுடையது; வீட்டுக்கு ஓர் ஆண் உழைக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஊர் வாலிபர்கள் பம்பைப் பேச்சோடு பேச்சாகக் கழற்றி மாட்டினார்கள். பழுது என்று யாருக்கும் காத்திருப்பதில்லை. இதுதான் சரி என்று மனதுக்குள் எழுதியே விட்டேன்.

பிற்பகல், மூன்றாவது ஊர். நிபந்தனையைச் சொன்னதும், குடத்தோடு நின்ற சிவகாமி சிரித்தார். “ஆம்பளைகள்ல பாதிப் பேரு பினாங்குல இருக்காக. அங்கேருந்தே மம்பட்டியப் போடச் சொல்லவா, தாயி?”

“எங்க வீட்டுக்காரருக்கு இங்கிட்டு இருந்தப்பவே மம்பட்டி பிடிக்கத் தெரியாதே!” என்றாள் பின்னால் ஒருத்தி.

சிரிப்பு அடங்கியதும் சிவகாமி சொன்னார்: “ரெண்டு மைலு போயி ஊத்துத் தோண்டித் தண்ணி அள்ளுறது நாங்க. கெணத்து மண்ண அள்ள மாட்டமா? பம்பப் பிரிக்கவும் எங்களுக்கே சொல்லிக் குடுங்க.”

ஜெர்மானியரிடமே கேட்கலாம், ‘ஆண்’ என்ற நிபந்தனையை மட்டும் நீக்கச் சொல்லி, என்று எழுதுவதாகச் சொன்னேன். ஒப்புவார்களா என்பது எனக்குத் தெரியாது. அதையும் சொன்னேன்.

“அவுக மாட்டோம்னாலும் வந்து சொல்லிட்டுப் போங்க,” என்றார் சிவகாமி. “ போன தடவ வந்தவுக சொல்லவே இல்ல. மழை பெய்யிற வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தோம்.”

இரு நாட்டாரும் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார்கள். கேட்டவளுக்குப் பதில் கொண்டுபோவது மட்டும் எங்கள் வேலை. திருமயத்தில் பஸ் ஏறியதும், சிவகாமியின் ஊருக்குப் பக்கமாக நிற்கும் பஸ் எதுவென்று கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொண்டேன்.