அப்பாவின் மூன்றாவது நடை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அப்பா இல்லை என்பதை நீங்களாவது நம்பிவிட்டீர்களா? மகளாகிய எனக்கு இன்னும் முடியவில்லை. காலையில் கத்தரிக்குத் தண்ணீர் விட்டுவந்த மனிதர் மத்தியானச் சோற்றுக்கு இல்லை. இதென்ன அநியாயம்?

அப்பா உடுப்பிட்டியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தகப்பனை இழந்து, தங்கைமாரைக் கரைசேர்த்த பின்புதான் அம்மாவைக் கைப்பிடித்துச் சண்டிலிப்பாய்க்கு வந்தார். பஸ் சாரதி வேலை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் கொட்டிலில் இருந்த காலத்தில், ஓட்டுவதற்குப் பஸ் இல்லாதபோது, சைக்கிளில் விறகு கட்டி விற்று எங்களைப் படிப்பித்தார். அதைப் பற்றி ஒருநாளும் புலம்பியதில்லை.

ஓய்வுபெற்றதும் சாய்மனைக் கதிரையில் விழுகிற ஆள் இல்லை அவர். இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போதே மறுநாள் வேலைகளை அம்மாவிடம் சொல்லிவிடுவார். பஸ் ஓடிய பழக்கத்தில் ஒவ்வொரு வேலையும் அவருக்கு ஒரு நடை. “நாளைக்கு மூண்டு நடை இருக்கு. முதல் தோட்டம், பிறகு கோயிலுக்குப் பூ...” சொன்னால் சொன்னதுதான். மழை பெய்தாலும் குடையோடு போவார்.

“கொஞ்சம் ஆறி இருங்கோவன் அப்பா” என்றால், “இருந்தால் உடம்பு பழைய இரும்பு மாதிரிக் கறள் பிடிச்சிடும் பிள்ளை” என்பார். “ஓம், பஸ்ஸிலை மாதிரி ரிக்கற் வெட்ட ஒராளையும் பிடிச்சுக்கொண்டு போங்கோ” என்று அம்மா நக்கலடிப்பார். அப்பா சிரித்தபடி சைக்கிளை எடுப்பார்.

அன்றைக்கும் மூன்று நடை. தோட்டம் முடிந்தது. பூவும் கொடுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து, தண்ணீர் கேட்டுக் கதிரையில் இருந்தார். அம்மா செம்போடு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு நோய் இல்லை, ஒரு சொல் இல்லை. எனக்கு அழக்கூட வரவில்லை.

மூன்றாவது நடை மணியம் மாமாவுக்கானது. அப்பாவோடு கண்டக்டராக ஓடிய கூட்டாளி, தனிக்கட்டை. இரண்டு கண்ணிலும் வெண்புரை. ஆஸ்பத்திரிக்குப் பயந்து ஒளித்துத் திரிந்தவரை அப்பாதான் பேசிப் பேசி மசியவைத்து, சத்திரசிகிச்சைக்குத் திகதியும் எடுத்திருந்தார். அதற்கு முந்திய பரிசோதனைக்கு அன்று பின்நேரம் கூட்டிப்போவதாக ஏற்பாடு. மாமா வேட்டி கட்டிக்கொண்டு வாசல் படலையில் நின்றிருக்கிறார். செய்தி சொல்லப்போன என் கணவரிடம், “உந்தக் கதையை விடும் தம்பி. அவன் வாறன் எண்டவன். நான் நிக்கிறன்” என்றாராம். பொழுதுபடும்வரை அசையவில்லையாம்.

செத்தவீடு முடிந்ததும், “அவன் இல்லாமல் எனக்கு ஏன் கண்?” என்று மறுத்துவிட்டார். தவறிய பரிசோதனையைச் சிகிச்சையன்று காலையே செய்யலாம் என்றது ஆஸ்பத்திரி. அந்த நாளோ, தீட்டென்று நாங்கள் வெளியே போகாத துடக்குக் காலத்துக்குள் வந்தது. முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள் சொந்தக்காரர். இந்த நாளை விட்டால் மாமா இனிச் சம்மதிக்கமாட்டார், பார்வை போய்விடும் என்று எனக்குத் தெரியும். அம்மாதான் சொன்னார்: “அது உன்ரை அப்பா சொல்லிவைச்ச நடை. நீ போய் முடிச்சிட்டு வா. துடக்கை நான் பாத்துக்கொள்ளுறன்.”

ஓட்டோவோடு போய்ப் படலையில் நின்று, “அப்பாதான் என்னை அனுப்பினவர், ஏறுங்கோ மாமா” என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

அப்பா போன அன்று ஓடிவந்து அம்மாவைத் தாங்கிய அயலவர்கள், தோள் கொடுத்தவர்கள், எட்டாம் நாள் படையலான எட்டுச் செலவுக்குச் சமைத்துத் தந்த பெண்கள், வெளிநாடுகளிலிருந்து கதைத்து ஆறுதல் சொன்ன உறவுகள் எல்லோரையும் நன்றியோடு கும்பிடுகிறோம். மணியம் மாமாவுக்கு நான் தனியே நன்றி சொல்ல வேண்டும்.

கண்கட்டு அவிழ்த்ததும் அவர் நேரே எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். போன வருடக் கலியாணமொன்றில் எடுத்த அப்பாவின் படத்தைக் கிட்டப்போய்ப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“என்ன பிள்ளை, இவன் இவ்வளவு கிழவனாய்ப் போனானே? எனக்குத் தெரியாமல் போச்சே.”

நானும் பார்த்தேன். ஒடுங்கிய கன்னம், வெளுத்த புருவம். கண் தெரிந்த எங்களுக்கும் அது தெரிந்திருக்கவில்லை. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.