விசிலுக்குப் பிறகு நான் சொன்ன சொல்

செய்தி வந்தபோது பொதட்டூர்பேட்டையில் எங்கள் கொட்டகையில் எட்டு விசைத்தறிகளும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் போனில் யார் பேசினாலும் பாதிதான் காதில் விழும். பேசியது ரத்னத்தின் மனைவி லட்சுமி. அழவில்லை. "அண்ணா, அவர அடிச்சுட்டாங்கண்ணா, தலையில" என்றாள். கையைக் காட்டி எல்லாத் தறிகளையும் நிறுத்தச் சொன்னேன். சத்தம் அடங்கிய பிறகு மறுபடியும் சொன்னாள். அம்மையார்குப்பம் கபடிப் போட்டியில் தகராறு. திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே அவள் புருஷன் முனிரத்தினத்தின் உயிர் போய்விட்டது.

அவனை உங்களுக்குத் தெரியும். டிவியில் பார்த்திருப்பீர்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கூலிக்காரக் குடும்பத்தில் பிறந்து, கபடி லீக்கில் இடது கார்னராக நின்று, வந்தவன் கணுக்காலைப் பிடித்தால் விடாத ரத்னம். என் வலது முட்டியை உடைத்ததும் அதே ரத்னம்தான். கபடிக் கழகச் செயலாளர் இந்த நினைவு மலருக்கு என்னிடம் இரண்டு பக்கம் கேட்டார். மன்னித்த மனிதன் நான்தானாம், என் கையால் எழுதினால் மலருக்கே ஒரு கௌரவமாம். எழுதுகிறேன். ஆனால் அவர் கேட்டது இதுவல்ல. ரத்னத்துக்குச் சேராத ஒரு பழி ஊரில் சுற்றுகிறது. எனக்குச் சேராத ஒரு புகழும் பல வருடமாகச் சுற்றுகிறது. இரண்டையும் இன்று இறக்கி வைக்காவிட்டால் நான் மனிதனில்லை.

அந்த ஆட்டத்திலிருந்து தொடங்குகிறேன். அவன் ஒரு அணி, நான் எதிரணியில் ரைடர். கடைசி நிமிடங்களில் நான் பாடிப் போனேன். ரத்னம் என் வலது கணுக்காலைப் பிடித்தான். இன்னும் மூன்று பேர் மேலே விழுந்தார்கள். அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு போய் நடுக்கோட்டில் விரலை வைத்தேன். விசில் ஊதியது. புள்ளி எங்களுக்கு. மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள், அவன் மட்டும் காலை இன்னும் விடவில்லை. அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். அவன் என் காலை மடக்காமல் நீட்டிப் பிடித்து, எழும்பி, தன் முழு உடம்பையும் முட்டியின்மேல் இறக்கினான். ஈர மூங்கில் பிளக்கும் சத்தம் கேட்டது. காலின் கீழ்ப்பாதி பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது. நான் போட்ட கூச்சலை எங்கள் அம்மா டிவியில் கேட்டு மயங்கி விழுந்தாள்.

நீங்கள் பார்க்காதது ஒன்று உண்டு. கேமராவில் என் முதுகுதான் இருந்தது. விசிலுக்கும் அவன் என் முட்டியில் இறங்கியதற்கும் நடுவில் நான் தலையைத் திருப்பி அவனிடம் ஒன்று சொன்னேன். அவனுடைய அம்மாவைப் பற்றிய ஒரு சொல். அந்த அம்மா எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தவர், என்னை இடுப்பில் தூக்கியவர். அவர் இறந்து பதினாறாம் நாள் காரியம்கூட ஆகவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். எங்கே குத்தினால் உள்ளே இறங்கும் என்று பார்த்துக் குத்தினேன்.

விசாரணைக் குழுவில் எங்கள் இருவரையும் உட்கார வைத்தார்கள். என் காலில் தொடை வரை மாவுக்கட்டு இருந்தது. ஏன் செய்தாய் என்று அவனைக் கேட்டார்கள். "கோவம் வந்துச்சுங்க சார். வேற ஒண்ணும் இல்லீங்க" என்றான். பிறகு என்னிடம் திரும்பி, நீ ஏதாவது பேசினாயா என்றார்கள். இல்லை என்றேன். ரத்னம் என்னை நிமிர்ந்து பார்த்தான். இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். அவன் வாயைத் திறக்கவில்லை. ஆயுள் முழுக்க ஆடக் கூடாது என்று தீர்ப்பாயிற்று.

அப்புறம் ஊர் தன் பங்கைச் செய்தது. பள்ளிப்பட்டில் அவனுக்கு வைத்திருந்த பேனரைக் கிழித்து எரித்தார்கள். வீட்டு வாசலில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். ஒருநாள் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நான் ஊன்றுகோலோடு மருந்துக்கடையிலிருந்து வெளியே வந்தபோது, பத்துப் பன்னிரண்டு பேர் ஒருவனைச் சுற்றி நின்று செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே கிடந்தவன் ரத்னம். முகத்தில் ஒரு பக்கம் தோல் கிழிந்து தொங்கியது. ஒருவன் அவன் விரல்களைக் குதிகாலால் நசுக்கினான். "எங்க ஆளு காலையா ஒடச்ச, எந்திரிடா" என்று என் பேரைச் சொல்லித்தான் அடித்தார்கள். மூன்று பேரை ஒரே கையில் தூக்கக்கூடியவன் நசுங்கிய விரல்களோடு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிடந்தான். கூட்டத்தின் கால்களுக்கு இடையில் என்னைப் பார்த்துவிட்டான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அடி நின்றிருக்கும். ஆட்டோவில் ஏறிவிட்டேன்.

அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்கள். எங்கள் ஊர்க் கை அணைப்பதற்குக்கூட முதலில் ரத்தம் கேட்கும். சில வருடங்கள் கழித்து திருத்தணி ஆடிக் கிருத்திகைக்கு ரத்னம் மொட்டை அடித்து, முதுகில் கொக்கி மாட்டி, கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு காவடி எடுத்தான். ஒரு கன்னத்தில் ஏறிய வேல் மறு கன்னத்தில் வெளியே வந்திருந்தது. தாடையிலிருந்து மார்பு வரை ரத்தம் வழிந்து காய்ந்திருந்தது. யாரோ அதைப் படம் பிடித்துப் போட, ஊர் முழுக்க உருகிவிட்டது. "பாவம், பையன் திருந்திட்டான். யானைக்கும் அடி சறுக்கும்" என்றார்கள். செருப்பால் அடித்தவர்களில் ஒருவன் படிக்கட்டில் அவனுக்கு மோர் ஊற்றிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். தடையை நீக்கச் சொல்லி மனு போயிற்று. நீக்கினார்கள்.

தடை நீங்கியதற்கு ஒரு விழா. மற்ற முருகன் கோயில்களில் சூரனை வதம் செய்யும் நாளில் எங்கள் திருத்தணி மலையில் வதம் கிடையாது. சண்டையை முடித்துக் கோபம் தணிந்த சாமிக்கு அன்று பூவைக் கொட்டுவதோடு சரி. செயலாளர் அந்த நாளாகப் பார்த்து அடிவாரத்தில் மேடை போட்டார். நான் அவனுக்கு மாலை போட வேண்டும், அவன் என் காலைத் தொட வேண்டும். போட்டேன், தொட்டான். கூட்டம் எழுந்து நின்று விசில் அடித்தது. பெரிய மனசு, பெரிய மனசு என்று மைக்கில் ஏழெட்டுத் தடவை சொன்னார்கள். அன்றிலிருந்து இந்த வட்டாரத்தில் எனக்கு மன்னித்தவன் என்று பேர். கல்யாண வீடுகளில் முன்வரிசை நாற்காலி. பள்ளி ஆண்டு விழாக்களில் மன்னிப்பைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். வெட்கமில்லாமல் போய்ப் பேசியும் வந்தேன்.

விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் தண்ணீர் டிரம் ஓரம் அவனைத் தனியாகப் பிடித்தேன். "ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?" என்றேன். அவன் கழுத்து மாலையைக் கழற்றி டிரம்மின்மேல் வைத்தான்.

"சொன்னா இன்னா ஆவும்? டிவியில போடுவான். நாள் பூரா ஓட்டிகினு இருப்பான். நீ ஒருத்தன் சொன்னத ஊரே சொல்லும். ஒன் முட்டி ஒரு வாட்டிதான் ஒடஞ்சுது நைனா. எங்கம்மா தெனம் ஒடைவா."

மன்னித்துவிடு என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவன் குரலை உயர்த்தாமல் பதில் சொன்னான்.

"நான் பண்ணது தப்பு. அத்த மன்னிக்கிறதும் மன்னிக்காததும் ஒன் இஷ்டம். ஆனா ஒன்ன நான் மன்னிக்கல. சாமிக்கு இங்க கோவம் தணிஞ்சுதுன்றாங்க. அவரு சண்டைய முடிச்சுட்டுதான வந்தாரு. எனக்கு எங்க முடிஞ்சுது?"

சொல்லிவிட்டு, கால் வலிக்கிறதா என்று கேட்டு, நான் உட்கார ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். அவன் அப்படித்தான்.

திரும்பி வந்து ஒரு சீசன்தான் ஆடினான். கையில் பழைய பிடி இல்லை, நசுங்கிய விரல்கள் சரியாக மடங்கவில்லை. பிறகு நடுவர் ஆனான். அவனைப்போல ஒரு நடுவர் இந்தப் பக்கத்தில் இருந்ததில்லை. மற்ற நடுவர்கள் பிடியைப் பார்ப்பார்கள், கோட்டைப் பார்ப்பார்கள், விசில் ஊதியதும் ஸ்கோர் மேஜைப் பக்கம் திரும்பிவிடுவார்கள். ரத்னம் திரும்ப மாட்டான். விசில் ஊதிய பிறகு, விழுந்து கிடப்பவர்களின் முகத்தருகே குனிந்து நிற்பான். எவனாவது எவன் காதிலாவது அசிங்கமாக ஏதாவது சொன்னால் உடனே சிவப்பு அட்டை. புது நடுவர்களுக்கு அவன் சொன்னது இதுதான்: "விசில் அடிச்சப்புறம் கையப் பாக்காத. வாயப் பாரு." எல்லோரும் சிரித்தார்கள். காலை உடைத்தவன் வாயைக் கண்டிக்க வந்துவிட்டான் என்று என் எதிரிலேயே கேலி பேசினார்கள். நானும் அவர்களோடு சிரித்து வைத்தேன். ஏன் வாயைப் பார்க்கிறான் என்பது இந்த உலகத்தில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும்.

அம்மையார்குப்பத்தில் நடந்ததை அன்று ஸ்கோர் எழுதியவர் எனக்குச் சொன்னார். ஒரு ரைடரை மடக்கிப் பிடித்தார்கள். விசில் ஊதியது. பிடித்தவன் எழும்போது கீழே கிடந்தவன் காதில் ஏதோ சொன்னான். ரத்னம் அட்டையைத் தூக்கினான். பிடித்தவனுடைய ஊர்க்காரர்கள் உள்ளே இறங்கிவிட்டார்கள். அவன் என்ன சொன்னான் என்பதைச் சொல்லிவிட்டு அட்டையைத் தூக்கு என்று மைதானமே கத்தியது. "சொல்ல மாட்டேன். அவன் வெளிய போவட்டும்" என்றான் ரத்னம். மூன்று தடவை கேட்டார்கள், மூன்று தடவையும் அதே பதில். ஒருவன் பந்தலிலிருந்து இரும்புக் குழாயை உருவிப் பின்மண்டையில் அடித்தான். ரத்னம் விழவில்லை. திரும்பினான். இரண்டாவது அடி வாயில் பட்டது. விசிலும் முன்பற்களும் ஒன்றாகத் தரையில் விழுந்தன. மூன்றாவது அடிக்கு மண்டை திறந்துகொண்டது. இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது என்று ஸ்கோர்காரர் மலையைப் பார்த்துக் கும்பிட்டுச் சொன்னார்.

இப்போது ஊர் பேசுவது உங்களுக்கே தெரியும். பழைய கோபம் போகவில்லையாம், இவன்தான் முதலில் கை ஓங்கினானாம், செய்த வினை திரும்பி வந்ததாம். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் அந்த ஊர் வாயிடம் நான் நேராகச் சொல்கிறேன். அவன் கோபத்தில் சாகவில்லை. ஒரு பையனின் அம்மாவையோ அக்காளையோ பற்றிய ஒரு சொல்லை மைதானத்தின் நடுவில் திரும்பச் சொல்ல மறுத்ததால் செத்தான். அப்படி மறுக்க அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான் போட்ட சூடு. நீங்கள் மன்னித்தது பாதிக் குற்றத்தைத்தான். மீதிப் பாதி முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

இதை எழுதுவதற்கு முன் லட்சுமியிடம் போனேன். நான் அன்று அவனை என்னவோ சொன்னேன், அவன் அம்மாவைப் பற்றி, அதனால்தான் அவன் என் முட்டியை உடைத்தான் என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்து நின்றேன். அவள் செருப்பை எடுத்து அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். என்ன சொன்னேன் என்று சொல்ல வாயெடுத்தபோது கையை நீட்டித் தடுத்தாள்.

"வேணாம்ணா. இத்தினி வருஷம் கூடப் படுத்தவகிட்டயே அவரு சொல்லல. நீ சொன்னன்றத மட்டும் எழுது. இன்னா சொன்னன்றது எழுதாத."

அதனால் எழுதவில்லை. மலரில் இந்தப் பக்கத்தைப் போடுவதும் போடாததும் செயலாளர் இஷ்டம். போட்டால் ஒரு எழுத்தையும் மாற்றாமல் போடட்டும். இதைப் படித்துவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட பெரிய மனசு என்று எனக்கு மறுபடியும் யாரும் மாலை கொண்டுவர வேண்டாம். என்னை மன்னிக்க உரிமை இருந்தது ஒருவனுக்குத்தான். அவன் மன்னிக்காமல் போய்விட்டான். அது அவன் எனக்குச் செய்த நியாயம்.

ரத்னத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சொல்தான். அதைச் சொன்னவன் நான், காத்தவன் அவன். அவன் சாகும் வரை அதை அறிந்தவர்களாக இரண்டு பேர் இருந்தோம், பாரத்தை அவன் சுமந்தான், நான் சும்மா இருந்தேன். இனி அது என் வாயில் மட்டும் இருக்கிறது. யார் எத்தனை தடவை கேட்டாலும் சொல்லாமல், அந்த அம்மாவை இன்னொரு தடவை உடைக்காமல், அதோடு நான் சாக வேண்டும்.