உண்டியலும் நூற்று ஐம்பத்தாறு குழாய்களும்

அவர் வாழ்நாளில் எந்த எஞ்சினையும் ஓட்டியதில்லை. ஒரு கரித்துண்டைக்கூட அள்ளிப் போட்டதில்லை. ரயில் நிலையத்துப் பார்சல் ஆபீஸில் முப்பத்தோரு வருடம் மூட்டைகளை எடைபோட்டவர். அந்த ஆபீஸ் சுவருக்கு அந்தப் பக்கம் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு நீராவி எஞ்சின் முன்னும் பின்னும் போய்வரும். அது போகும்போதெல்லாம் தராசு முள் நடுங்கும். முள் நிற்கும்வரை எடையைப் படிக்க முடியாது. காத்திருக்கும் வியாபாரிகள் இவரைத் திட்டுவார்கள், இவர் எஞ்சினைத் திட்டுவார். முப்பத்தோரு வருடம் ஒருத்தரையே திட்டிக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் என்ன என்று கல்யாணம் ஆனவர்களுக்குத் தெரியும்.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு நாள், பென்ஷன் தாள் வாங்கப் போனவர், பழைய லோகோ ஷெட் பக்கம் ஒதுங்கினார். அங்கே அது நின்றுகொண்டிருந்தது. புகைபோக்கிக்குள்ளிருந்து ஒரு செடி எட்டிப்பார்த்தது. பக்கவாட்டில் சுண்ணாம்பால் ஒரு பெருக்கல் குறி. பழைய இரும்புக்குப் போகிறது என்று அதற்கு அர்த்தம்.

பிறகு நடந்ததை வீட்டில் "கிறுக்கு" என்றும், வெளியில் "பொதுச்சேவை" என்றும் சொன்னார்கள். ரயில்வேயிடம் மனுக் கொடுத்து ஏலத்தைத் தள்ளிவைக்கச் செய்துவிட்டு, மூடியில் கீறல் போட்ட பெரிய பிஸ்கட் டின் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். ஒரே மாதத்தில் அவருடைய சொந்தப் பெயர் மறைந்து, ஊருக்கு அவர் உண்டியல் ஆனார்.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த எஞ்சின் மறுபடியும் தன் சொந்த நீராவியில் நகரவேண்டும். ஒரு ஃபர்லாங் போதும். ஷெட் வாசலிலிருந்து சிக்னல் கம்பம் வரைக்கும்.

"கூட வாங்கண்ணே" என்று அவர் போய் நின்றது ஃபிட்டர் வீட்டு வாசலில். ஃபிட்டர் பாய்லர் வேலையிலேயே கிழடானவர். ஒரு காது அந்த வேலைக்கே போய்விட்டது. மீதிக் காதையும் யாருக்கும் அதிகமாகக் கொடுப்பதில்லை. வந்தார், பார்த்தார், பாய்லரின் முன்கதவைத் திறந்து டார்ச் அடித்தார், தலையை வெளியே எடுத்தார்.

"யோவ் உண்டியல், உள்ள அத்தனை குழாயும் போச்சு. நெருப்போட சூடு இந்தக் குழாய்க்குள்ள போனாத்தான் சுத்தி நிக்கிற தண்ணி கொதிக்கும். இது இப்போ சல்லடை. தண்ணி ஊத்தினா செடிக்குத்தான் ஆகும்."

"எத்தனை குழாய்ண்ணே?"

"நூத்தம்பத்தாறு."

"மாத்தினா ஓடுமா?"

ஃபிட்டர் டார்ச்சை அணைத்தார். "ஓடும்" என்றார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்ததற்காக அவர் பின்னால் பலமுறை தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆளுக்கொரு குழாய் என்று திட்டம் போட்டது உண்டியல்தான். பணம் கொடுப்பவர் பெயரைக் குழாயிலேயே எழுத்து எழுத்தாக அடித்துக் கொடுப்பது. பார்சல் ஆபீஸ் பழக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் எண், ரசீது, அடிக்கட்டை. பெயர் வெளியில் தெரியாது, கொதிக்கும் தண்ணீருக்குள் இருக்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுவார். அந்த நேர்மையால் போன குழாய்கள் எத்தனையோ.

"அப்போ என் பேரை யாருங்க படிப்பாங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"தண்ணி படிக்கும்."

"அதுக்குப் படிப்பு வருமா?"

கேட்டவர் சிரித்துக்கொண்டே பணம் கொடுத்தார். வேறு சிலர் ஓரத்துக் குழாய் வேண்டாம், நடுவில் கொடுங்கள் என்று சினிமாக் கொட்டகை சீட் போலக் கேட்டார்கள். தையல் வேலை செய்யும் ஒரு அம்மா, எஞ்சினில் கரி தள்ளிச் செத்துப்போன தன் புருஷன் பேருக்கு ஒரு குழாய் கேட்டார். பணத்தை நான்கு தவணையில் கொடுத்தார்.

உண்டியலின் மனைவி மட்டும் எந்தத் தவணையிலும் சேரவில்லை.

"ஏங்க, நம்ம வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் போடுங்கன்னு ஒரு வருஷமா சொல்றேன். அது சொட்டிக்கிட்டே கெடக்கு. ஊர்ல இருக்கிற நூத்தம்பத்தாறு குழாய்க்குப் பிச்சை எடுக்கப் போயாச்சு."

"அது வேற குழாய்டி."

"தெரியுது. அதுக்கு நீங்க இருக்கீங்க, இதுக்கு யாரும் இல்ல."

இரண்டு வருடத்தில் அறுபத்தொரு குழாய்கள் சேர்ந்தன. சேரச் சேர ஃபிட்டர் பொருத்தினார். இரண்டு முனையிலும் துளைபோட்ட கனத்த இரும்புத் தகடு உண்டு. குழாயை அதன் துளைகளில் செருகி, விளிம்பைத் தட்டி விரிக்கவேண்டும். அந்த வயதில் பாய்லர் வயிற்றுக்குள் மண்டிபோட்டுத் தட்டினார். வெளியே வந்தால் முகத்தில் கண் மட்டும் தெரியும். உண்டியல் டீ வைத்துக்கொண்டு நிற்பார். இருவரும் சந்தோஷமாக இருந்தார்கள் என்று அப்போது இருவருக்கும் தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் நல்லது ஒன்று நடந்து காரியத்தைக் கெடுத்தது. ஓய்வுபெற்ற ஊழியர் சங்கம் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தது. ஐம்பது குழாய்க்குப் போதும். கமிட்டி கூடியது. கமிட்டி என்றால் ஐந்து பேர். ஜவுளிக்கடைக்காரர் தலைவர், ஏனென்றால் நாற்காலிகள் அவருடையவை. உண்டியல் செயலாளர். பிறகு ஃபிட்டர், போட்டோ ஸ்டூடியோக்காரர், ஒரு பழைய வாத்தியார்.

"வெள்ளையடிக்காத வீட்டுக்கு எவன் வாடகைக்கு வருவான்?" என்று தலைவர் ஆரம்பித்தார். "கடையில நான் என்ன பண்றேன்? நல்ல சேலையைத்தான் கண்ணாடிக்குள்ள மாட்டுறேன். ஜனம் வந்து பார்த்துட்டு, துருப்பிடிச்ச பூதம்னு திரும்பிப் போகுது. முதல்ல பெயிண்ட் அடிப்போம். பித்தளையைத் தேய்ப்போம். பணம் தானா கொட்டும்."

"உள்ள ஓட்டை" என்றார் ஃபிட்டர்.

"உள்ள யாரு பார்க்கப்போறா?"

"தண்ணி பார்க்கும்யா!"

ஸ்டூடியோக்காரர் பெயிண்ட் பக்கம். வாத்தியார் குழாய் பக்கம். இரண்டுக்கு இரண்டு. நால்வரும் உண்டியலைப் பார்த்தார்கள். இரண்டு வருடம் வெயிலில் டின்னோடு அலைந்து, "அந்தத் துருவுக்கா?" என்ற கேள்வியை ஆயிரம் முறை கேட்டுக் கால் ஓய்ந்திருந்த மனிதர். ஒருமுறையாவது ஜனங்கள் அதைப் பார்த்து வாய்பிளக்கட்டும் என்று அவருக்கு இருந்தது.

"பெயிண்ட் அடிச்சுடலாம்" என்றார். ஃபிட்டர் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

அடித்தார்கள். கரும்பச்சை, ஓரத்தில் சிவப்புக் கோடு. பித்தளையில் முகம் பார்த்துத் தலைசீவலாம். தலைவர் சொன்னபடியே கூட்டம் வந்தது. வந்த கூட்டம் படியில் ஏறி நின்று படம் எடுத்தது. புதுமணத் தம்பதிகள் சக்கரத்தில் சாய்ந்தார்கள். ஸ்டூடியோக்காரருக்கு அந்த வருடம் நல்ல வருடம். உண்டியல் டின்னை நீட்டினால் ஜனங்கள் அவரையும் எஞ்சினையும் மாறிமாறிப் பார்த்தார்கள்.

"இதுக்கு என்ன குறைச்சல் சார்? ஜம்முனு இருக்கே!"

"உள்ள குழாய்..."

"சும்மா சொல்லாதீங்க சார். புதுசாட்டம் பளபளன்னு இருக்கு. இன்னும் காசா?"

துருப்பிடித்திருந்தவரை அது பரிதாபத்துக்கு உரியது. பளபளத்த பிறகு அதற்காகக் கை நீட்டுகிறவர் ஏமாற்றுக்காரர். ஒரு அம்மாள் தன் மகளிடம், "இந்த மாமாகிட்ட ஜாக்கிரதையா இரு" என்று இவர் காதுபடவே சொன்னார். எட்டு மாதத்தில் மூன்றே குழாய்கள் விற்றன. ஆக அறுபத்து நான்கு. அவற்றில் ஒன்றுக்குப் பணம் யாரிடமிருந்து வந்தது என்று உண்டியல் கமிட்டியில் சொல்லவில்லை.

பிறகு ரயில்வேயிடமிருந்து கடிதம் வந்தது. ஷெட் இருக்கும் இடத்தைக் காலி செய்கிறார்கள். முப்பது நாளுக்குள் எஞ்சினை எடுத்துக்கொண்டு போகாவிட்டால் பழைய இரும்பாக ஏலம். எழுபத்திரண்டு டன் எஞ்சினை எங்கே எடுத்துக்கொண்டு போவது? உண்டியல் ஏறாத ஆபீஸ் இல்லை. எல்லாரும் நாற்காலி கொடுத்து உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டு, கையை விரித்தார்கள். ஒரு அதிகாரி கண்கலங்கவே செய்தார். அவரிடமும் இடம் இல்லை.

இருபத்தோராவது நாள் ஒரு கட்டட முதலாளி காரில் வந்து இறங்கினார். பெயிண்டைப் பார்த்து மயங்கிப்போயிருந்தார். அடுக்குமாடியும் கடைகளுமாய் ஒன்று கட்டுகிறார். அதன் முகப்பில் எஞ்சினை வைத்து, மேலே கண்ணாடிக் கூரை போட்டு, காலத்துக்கும் பராமரிப்பாராம். கிரேன் செலவு அவருடையது. ஒரே ஒரு சின்ன விஷயம். முகப்புக்கு அடியில் கார் நிறுத்தும் தளம். மேலே அவ்வளவு கனம் தாங்காது. பாய்லருக்குள் இருப்பதை எடுத்துவிட்டுக் கூட்டை மட்டும் வைக்கலாம்.

கூட வந்த என்ஜினீயர் கையில் உண்டியல் அச்சடித்த நன்கொடை நோட்டீஸ் இருந்தது. "எடையை நீங்களே பெரிய எழுத்துல போட்டிருக்கீங்களே சார். ரொம்ப உதவியா இருந்துச்சு."

கமிட்டி ஆனந்தப்பட்டது. தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். ஃபிட்டரும் எழுந்தார், கைதட்ட அல்ல.

"இரும்புக்கடைக்கே போகட்டும்யா. செத்தது செத்ததாப் போகட்டும். பொணத்துக்குப் பவுடர் பூசி வாசல்ல உட்கார வைக்காத."

"அண்ணே, முழுசா உடைச்சு உருக்கிடுவான்ணே. இப்படி வெச்சா உருவமாவது நிக்கும். பின்னால எவனாவது வந்து மறுபடி குழாய் போட்டுக்கலாம்."

"எவன்?"

"யாராச்சும்..."

"உனக்கு இன்னும் ஒம்பது நாள் இருக்கு. எனக்கு எத்தனை நாள்னு தெரியல. கையெழுத்துப் போடாத. கேட்டுட்டேன்."

ஃபிட்டர் அதுவரை யாரிடமும் எதையும் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை. அவர் போனபிறகு உண்டியல் எட்டு நாள் அலைந்தார். ஒன்பதாவது நாள் செயலாளர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். கை தானாகப் போட்டது. பார்சல் ஆபீஸில் ஒரு நாளைக்கு இருநூறு கையெழுத்துப் போட்ட கை.

வெட்டுகிறவர்கள் அடுத்த வாரம் கேஸ் சிலிண்டரோடு வந்தார்கள். உண்டியல் அங்கேயே நின்றார். குழாய்களை மட்டும் எடுப்பார்கள், துளைத் தகடுகளை விட்டுவிடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். தகடுகள் இருந்தால் மறுபடி செருகலாம் அல்லவா? மத்தியானத்துக்குள் இரண்டு தகடுகளும் நான்கு நான்கு துண்டாகத் தரையில் கிடந்தன.

"தம்பி, தகட்டை ஏன்பா வெட்டினீங்க?"

"கனம் அதுலதான் சார் அதிகம்" என்றான் வெட்டுகிறவன். தப்பு ஒன்றும் அவன் சொல்லவில்லை.

உண்டியல் அவனிடம் கெஞ்சி, பெயர் அடித்த இடங்களை ஒரு முழத் துண்டுகளாக வெட்டி வாங்கினார். அறுபத்து நான்கு துண்டுகள். எண்ணைப் பார்த்து அடிக்கட்டையோடு சரிபார்த்து அடுக்கினார். திறப்பு விழாவுக்கு அவர் போகவில்லை. போனவர்கள் சொன்னார்கள், புகைபோக்கிக்குள் ஒரு சின்ன மெஷின் வைத்திருக்கிறார்களாம், வெள்ளையாய்ப் புகை வருகிறதாம், மணிக்கொரு தரம் ஒலிபெருக்கியில் விசில் ஊதுகிறதாம், ஓட்டுநர் நிற்கும் இடத்தில் ஐஸ்கிரீம் விற்கிறார்களாம். ரொம்ப நன்றாக இருந்ததாம்.

தள்ளுவண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீடுவீடாகத் துண்டுகளைக் கொடுக்கக் கிளம்பினார். "அதான் அங்க வெச்சுட்டாங்களே, இது எதுக்குங்க?" என்று பலர் கேட்டார்கள். மருந்துக்கடைக்காரர் வாங்கிப் பார்த்து, கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்தார். வாத்தியார் வாங்கிக்கொண்டு உட்காரச் சொன்னார், இவர் உட்காரவில்லை. தையல்கார அம்மா மிஷினை நிறுத்திவிட்டு முந்தானையால் துண்டைத் துடைத்தார்.

"அவர் பேரு போட்டது இதானா?"

"ஆமாம்மா."

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டாங்கம்மா."

"அப்போ அந்த வண்டிக்குள்ள இப்போ யார் பேரு இருக்கு?"

"யார் பேரும் இல்லம்மா."

அந்த அம்மா தலையாட்டினார். அவர் திட்டியிருந்தால் உண்டியல் தாங்கியிருப்பார். துண்டைத் துணி மடித்துவைக்கும் அலமாரியில் வைத்துவிட்டு மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.

ஃபிட்டர் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார். ஆனால் வழி அந்தத் தெரு வழியாகத்தான். கதவு திறந்திருந்தது. ஃபிட்டர் கட்டிலில் உட்கார்ந்து மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார். அந்த ஒரு வேலை மட்டுமே அவருக்கு இப்போது நாள் முழுக்க இருந்தது.

உண்டியல் அறுபத்து நான்காம் எண்ணை நீட்டினார். அதில் பெயர் இல்லை. பென்ஷன் வாங்கிய அன்று பணத்தைக் கையில் திணித்து, "பேரெல்லாம் வேணாம், நம்பர் போதும்" என்று சொன்னவர் ஃபிட்டர்தான்.

வாங்கினார். கண்ணருகே கொண்டுபோய், ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் துடைத்து விரலையும் பார்த்தார்.

"சுத்தமா இருக்கு" என்றார். "ஒருதடவைகூட புகை போகல."

உண்டியல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஃபிட்டர் கேட்காத காது இருக்கும் பக்கத்தை அவருக்குக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். உண்டியல் வெளியே வந்தார். வண்டியில் இன்னும் பத்தொன்பது துண்டுகள் இருந்தன. அடுத்த விலாசத்தை அடிக்கட்டையில் பார்த்துக்கொண்டு தள்ளினார்.