ஆயுத பூஜைக்கு வைத்த எரிபொருள்

போன வாரம் எங்கள் ஹடப்சர் குடியிருப்பில் ஜெனரேட்டர் மக்கர் பண்ணியது. வந்த மெக்கானிக் ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்துக் காற்றுக் குழாய்க்குள் புஸ்ஸென்று அடித்தார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் எல்லோரும் கலைந்து போனார்கள். நான் மட்டும் அசட்டுத்தனமாக அந்தப் புகையிலேயே நின்றுகொண்டிருந்தேன். டப்பாவிலிருந்து வந்தது ஈதர் வாசனை. அந்தக் கால ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷனுக்கு முன் மூக்கில் வைப்பார்களே, தித்திப்பும் கிறுகிறுப்புமான அந்த வாசனைதான்.

தொண்ணூறுகளின் கடைசியில், இதே ஊரின் இன்னொரு கோடியில், போபோடியில் எங்கள் வீடே அப்படித்தான் மணக்கும். தகரக் கூரை போட்ட ஒன்றரை அறை வீடு. அண்ணன், அண்ணி சரோஜா, கைக்குழந்தை, நான். எனக்கு அப்போதுதான் ஒரு கம்பெனியில் அப்ரெண்டிஸ் வேலை கிடைத்திருந்தது. அண்ணன் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். அவனிடம் மிஞ்சியது ஒரு கைப்பிடி அளவு டீசல் எஞ்சின். பக்கத்து ராணுவக் குடியிருப்பிலிருந்து மாற்றலாகிப் போன ஒரு மேஜர், பொம்மை விமானத்தோடு சேர்த்து அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போனது.

அந்த எஞ்சினுக்குப் பிளக் கிடையாது, பேட்டரி கிடையாது. தலையில் ஒரு திருகு. அதை இறுக்கிக்கொண்டே விரலால் விசிறியைச் சுண்டினால், உள்ளே நசுங்கும் காற்றின் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். என் ஆள்காட்டி விரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. ஏதோ சண்டையில் பட்டது என்று என் பிள்ளைகளிடம் அளந்துவிட்டிருக்கிறேன், நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இதற்கான எண்ணெய் எந்தக் கடையிலும் கிடைக்காது, நாமே கலக்க வேண்டும். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய், மூன்றும் சம பங்கு. ரேஷனில் ஊற்றும் நீல மண்ணெண்ணெய் ஆகாது என்று அண்ணன் பிடிவாதமாக வெள்ளையைத் தேடி அலைவான். விளக்கெண்ணெய் வாங்கப் போனால், வீட்டில் யாருக்கு வயிறு சரியில்லை என்று கடைக்காரர் அக்கறையாக விசாரிப்பார். ஈதரை ரவிவார் பேட்டைக் கடைத்தெருவில் ஒரு கெமிக்கல் கடையில் வாங்கி, சூடு படாமல் ஈரத் துண்டில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவோம். மண்ணெண்ணெயும் விளக்கெண்ணெயும் ஒன்றோடு ஒன்று ஒட்டாதவை. ஈதர்தான் நடுவில் நின்று இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும். அது ஆவியாகிப் போனால் இரண்டும் பிரிந்துவிடும்.

அந்த வருஷம் வானவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விமான மாடல் சொல்லிக்கொடுக்க ஆள் தேடினார்கள். தசரா அன்று காலையில் மைதானத்தில் ஓட்டிக் காட்ட வேண்டும், பிடித்திருந்தால் வேலை. இல்லாவிட்டால் அண்ணனுக்கு சவுதிதான். பாஸ்போர்ட் ஏற்கெனவே ஏஜென்டிடம் போயிருந்தது. குழந்தை அப்போதுதான் அவன் முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்திருந்தது. தூங்கிப்போன பிறகும் அதை அவன் கீழே விடமாட்டான். எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லை.

தசராவுக்கு முந்தின நாள் நமக்கு ஆயுத பூஜை அல்லவா? விடியற்காலைக் குளிரிலேயே அண்ணன் இருந்த ஈதர் முழுவதையும் கலந்து, அகன்ற வாய்க் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி இறுக மூடினான். ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், எஞ்சின், விமானம் எல்லாவற்றுக்கும் அண்ணி சந்தனமும் குங்குமமும் வைத்தாள். குப்பிக்கும் ஒரு பொட்டு. நெருப்புப் பக்கம் மட்டும் கொண்டு போகாதே என்று அவன் சொல்லியிருந்ததால், விளக்கை உள் அறையில் ஏற்றிவிட்டு, இவற்றை வாசல் பக்கம் டிரங்குப் பெட்டியின் மேல் அடுக்கினாள். அண்ணனும் நானும் மைதானத்தைப் பார்த்து வரப் போய்விட்டு, இரவு புழுக்கத்துக்கு வெளியிலேயே கட்டில் போட்டுப் படுத்தோம். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது. நாங்களும் தொடவில்லை.

காலையில் அண்ணியே குப்பியை ஈரத் துண்டில் சுற்றிக் கையில் கொடுத்தாள்.

மைதானத்தில் அண்ணன் விசிறியைச் சுண்டினான். திருகை இறுக்கிச் சுண்டினான், தளர்த்திச் சுண்டினான். விரல் கிழிந்து இறக்கையெல்லாம் ரத்தம். கொஞ்சம் எண்ணெய் கக்கியதே தவிர, ஒரு தடவைகூட வெடிக்கவில்லை. பிறகு துண்டை அவிழ்த்துக் குப்பியை வெயிலில் தூக்கிப் பார்த்தான். அடியில் கெட்டியாக விளக்கெண்ணெய், மேலே தெளிந்த மண்ணெண்ணெய். மோந்து பார்த்து என்னிடம் நீட்டினான். அடுப்படி வாசனைதான் வந்தது. பண்டிகை நாள், ரவிவார் பேட்டை முழுக்கப் பூட்டிக் கிடந்தது. பள்ளிக்காரர்கள் மரியாதையாக, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இந்தியில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்கள். மூடி சரியாக இறுகவில்லையோ, நானும் ஒரு தடவை பார்த்திருக்கலாமே என்று வழியெல்லாம் நான் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

வாசலில் அண்ணி குழந்தையோடு நின்றாள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நான் ஒரு கொறையும் வெக்கலியே. மூடி போட்டு வெச்சா சாமி எடுத்துக்காதுன்னு சாதம், சுண்டல், உங்க எண்ண பாட்டிலு, எல்லாத்தியும் தொறந்து வெச்சிதானே வேண்டிக்கிட்டேன். ராத்திரி பூரா தொறந்தே வெச்சிருந்தேன்."

நெருப்பைப் பற்றிச் சொல்லியிருந்தோம், அதை அவள் மறக்கவில்லை. மூடியைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் என் தோளை அழுத்தினான்.

"எஞ்சின் பழசு சரோஜா. நீ இன்னா பண்ணுவ" என்றான்.

தீபாவளிக்கு முன்பே அவன் போய்விட்டான். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவான். முதல் தடவை வந்தபோது குழந்தை அவனைப் பார்த்து அலறி என் காலைக் கட்டிக்கொண்டது. அதற்கு நான் என்ன செய்ய முடியும், ஆனாலும் எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. கடைசியில் ஒரு கோடையில் பம்பாய் விமான நிலையத்தில் சரக்குப் பிரிவிலிருந்து அவனைப் பெட்டியில் வாங்கி வந்தேன்.

போபோடி வீடு இருந்த சந்து இப்போது இல்லை. அந்த மைதானத்தில் பெரிய கட்டடம் வந்துவிட்டது. ரவிவார் பேட்டையில் லைசென்ஸ் இல்லாமல் ஈதர் தரமாட்டார்கள். எஞ்சின் மட்டும் வானவடியில் மகளோடு இருக்கும் அண்ணியிடம் இருக்கிறது. உள்ளே விளக்கெண்ணெய் பிசினாக இறுகி, விசிறியை அசைக்கக்கூட முடியாது. ஆனாலும் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அதற்குப் பொட்டு வைக்கிறாள்.

போன பூஜைக்குப் போயிருந்தபோது, சந்தனத்தைக் குழைத்துக்கொண்டே கேட்டாள்.

"நெசமாவே எஞ்சின் பழசுதானா தம்பி?"

"ஆமா அண்ணி. ரொம்பப் பழசு."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு பாயசம், வடை, சுண்டல் என்று ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியையும் திறந்து வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினாள்.