வெட்டாத பக்கங்கள்

ஊருக்குப் போகும் பன்வில பஸ் போனால் போகட்டும் என்று கண்டியில் ஒரு பழைய புத்தகக் கடையில் நிற்கிறேன். நாணயங்களைப் பற்றிய நூல்களின் முதற்பதிப்புகளைச் சேர்க்கிறேன். நெடுநாள் தேடிய ஒன்று இப்போது கையில். அச்சகத்தில் மடித்த தாள்களின் ஓரம் இன்னும் வெட்டப்படவில்லை; வெட்டாமல் பக்கங்களைத் திறக்க முடியாது. இதுவரை யாரும் இதைப் படித்ததில்லை.

"நானா, ஒரு கத்தி குடுங்க," என்று கடைக்கார அண்ணனிடம் கேட்கிறேன்.

அவர் பதறுகிறார். "பைத்தியமா தங்கச்சி? வெட்டாம வச்சாத்தானே மதிப்பு!"

"எங்க குடும்பத்துல பள்ளிக்கூடம் போன மொத ஆள் நான். படிக்காம பூட்டி வைக்கவா வாங்குறேன்?"

"அப்ப காசைத் தந்துட்டு வெட்டுங்க."

பணத்தைக் கொடுத்துக் கத்தியை வாங்கி முதல் மடிப்பை மெல்ல அறுக்கிறேன். உள்ளே மை மங்காத செப்புக்காசுப் படம். நானா கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்காருகிறார்.

"அடுத்ததையும் வெட்டுங்க, பாப்பம்."