ராமாமணி டீச்சரும் அன்பு விருந்தும்

ராமாமணி டீச்சர் எதற்கும் முகம் சுளிக்க மாட்டார் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாந்தி எடுத்தால் ஆயாவைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார். தானே மண்ணள்ளிப் போட்டுத் துடைத்து, பிள்ளையின் வாயைக் கழுவிவிட்டு, "ஒண்ணுமில்ல கண்ணு, போயி உக்காரு" என்பார். பேன், சளி, பயத்தில் நனைந்த டிராயர் எல்லாம் அவருக்குச் சாக்பீஸ் தூள் மாதிரிதான். கையைக் கழுவினால் போய்விடும்.

பெரியநாயக்கன்பாளையத்தைத் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் தொடக்கப் பள்ளி அது. கல்யாணமாகி வந்த புதிதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். கணவர் வரதராஜுலு பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் லேத்துப் பட்டறை வைத்திருக்கிறார். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் கோயம்புத்தூர்த் தமிழ். சனிக்கிழமை தவறாமல் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்தான் ராமாமணி. ஆனாலும் பள்ளியின் மாதா கெபிக்கு, அந்தச் சின்னக் குகைக் கோயிலுக்கு, மாலை கட்டுவதில் அவரை மிஞ்ச அங்கே ஒரு கிறிஸ்தவர் கிடையாது. "டீச்சரம்மா வந்துதான் மாதாவுக்கே அலங்காரம்" என்று வாட்ச்மேன் சொல்வார். அதைக் கேட்க அவருக்குப் பிடிக்கும்.

செப்டம்பரில் மாதாவின் பிறந்தநாள்தான் பள்ளியின் பெரிய விழா. காலையில் கொடியேற்றி, பூசை முடிந்து, பிள்ளைகள் கும்மியடிப்பார்கள். மதியம் அன்பு விருந்து. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பதார்த்தம் வரும். எல்லாவற்றையும் நீள மேசையில் பரப்பிவைத்து, யார் வீட்டுச் சாப்பாடு என்ற பேச்சே இல்லாமல் எல்லோரும் எல்லாவற்றையும் சாப்பிட வேண்டும். மேடைக்குப் பின்னால் 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று பேனர் கட்டியிருக்கும். பரிமாறும் பொறுப்பு எப்போதும் ராமாமணியுடையது. வருஷத்தில் அவர் மனதார எதிர்பார்த்துக் காத்திருக்கும் நாள் அது ஒன்றுதான்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷ விழாவுக்கு ராமுலு வந்திருந்தார். அவர் மகள் பிரீத்திகா அந்த ஜூனில்தான் இரண்டாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். ராமுலு ஊருக்குள் குப்பை வண்டியோடு போகிற துப்புரவுப் பணியாளர். அன்றைக்கு இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கையில் பெரிய எவர்சில்வர் தூக்கு.

"டீச்சருங்க, ஊட்டுல சந்தகை புழிஞ்சு குடுத்திருக்காங்க. பாதிக்கு எலுமிச்சம்பழம் போட்டிருக்குதுங்க. பாதி தேங்காப்பால் ஊத்திச் சாப்புடறதுக்குங்க."

"உங்க சம்சாரம் புவனா வரலீங்களா?"

"அவளுக்குப் பகல் ஷிப்ட்டுங்க. மில்லுல லீவு கேட்டா, குடுக்கல. கோழி கூப்பிடறதுக்கு முந்தி எந்திரிச்சுச் செஞ்சுபோட்டுப் போனாளுங்க."

அரிசி மாவை அவித்து இழை இழையாகச் சந்தகை பிழிவது கைவலிக்கிற வேலை. ராமாமணி மூடியைத் திறந்து பார்த்தார். வட்ட வட்டமாக, இழை அறாமல், பூப்போல இருந்தது. மேசையின் நடுவில் வைத்தார்.

ஜெபம் முடிந்து பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சற்று நேரத்தில் மூன்றாம் வகுப்பு ரித்விக் வாய் நிறைய மென்றுகொண்டே தன் அப்பாவிடம் ஓடினான். அவன் அப்பா கிருபாசங்கர் பெற்றோர் சங்கத் தலைவர். பவுண்டரி முதலாளி. விழாவின் பந்தலும் நாற்காலியும் அவர் உபயம். தணிந்த குரல்காரர். ஆயாவிடம்கூட 'ங்க' போடாமல் பேச மாட்டார்.

"அப்பா, சந்தகை சூப்பர்ப்பா! ரெண்டு தடவை வாங்கிட்டேன். பிரீத்திகா அம்மா செஞ்சதாம்!"

கிருபாசங்கர் சிரித்த முகத்தோடு மேசைக்கு வந்தார். "ஏனுங்க டீச்சர், இது யாரு ஊட்டுதுங்க?"

"ராமுலு ஊட்டுதுங்க. உங்களுக்கும் வெக்கட்டுங்களா?"

"அப்படிங்களா. இருக்கட்டுங்க, இருக்கட்டுங்க."

சிரிப்பு மாறவில்லை. மகனின் தோளைப் பிடித்துத் தண்ணீர்க் குழாயடிக்குக் கூட்டிப்போனார். வாயைத் திறக்கச் சொல்லி, விரலை உள்ளே விட்டு வழித்து, துப்பச் சொல்லி, திரும்பத் திரும்பக் கொப்பளிக்க வைத்தார். பையன் கண்ணில் நீர் வழிந்தது. மிளகாயைக் கடித்துவிட்டான் போலிருக்கிறது என்று ராமாமணி நினைத்தார். அதற்குள் யாரோ பாயசத்துக்குக் கூப்பிட, அந்தப் பக்கம் போய்விட்டார்.

எச்சில் இலைகளைப் போடுவதற்காகப் பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் அவர் போனபோது ட்ரம் பாதிக்கு மேல் நிரம்பியிருந்தது. ரசமும் பாயசமும் மோரும் சேர்ந்து புளித்த வாடை. ஈக்கள். மேலாகச் சந்தகை கிடந்தது. ஓரமாக உதிர்ந்தது அல்ல, தூக்கோடு கவிழ்த்தது. தூக்கின் வடிவத்தில் அப்படியே உருண்டையாக நின்றது. எலுமிச்சைச் சந்தகையின் மஞ்சளும், கடுகும், கறிவேப்பிலையும் கலையாமல் இருந்தன. அதன்மேல் யாரோ மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. தேங்காய்ப்பால் வழிந்து இலைகளுக்கிடையில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துத் திண்டில் ராமுலு வீட்டுத் தூக்கு ஹோஸ்பைப்பால் அலசப்பட்டுக் காய்ந்துகொண்டிருந்தது.

ராமாமணிக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. எத்தனையோ பிள்ளைகளின் வாந்தியை அள்ளியவர். குழாயடியில் கிருபாசங்கர் மகனைக் கொப்பளிக்க வைத்தது எதற்கென்று இப்போது விளங்கியது.

தலைமை ஆசிரியை சிஸ்டர் ஃபிலோமினா தன் அறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ராமாமணி சொன்னதைக் கேட்டு அவர் அதிர்ச்சி அடையவில்லை.

"பாத்தேன் டீச்சர். என்ன செய்யச் சொல்றீங்க? இன்னிக்கு மாதா நாள். ஃபாதர் வெளிய விருந்தாளிங்களோட உக்காந்திருக்காரு. கிருபாசங்கர் சார் இல்லேன்னா இந்தப் பந்தலே இல்ல. நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கு என்னங்க சிஸ்டர் பேசறது?"

"ராமுலுவுக்குத் தெரியாதில்ல? தெரியாத வரைக்கும் யாருக்கும் வருத்தமில்ல. உக்காருங்க, கேசரி சாப்பிடுங்க."

சிஸ்டரின் விரல்களில் நெய் மினுங்கியது. ராமாமணி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஜன்னலுக்கு வெளியே கிருபாசங்கரின் குரல் கேட்டது.

"ஏனுங்க ராமுலு, சாப்பிட்டீங்களா? நல்லா சாப்பிட்டீங்களா? தப்பா நெனைக்காதீங்க, பின்னால ட்ரம்மு ரொம்பிப் போச்சுங்க, ஈ மொய்க்குது. நீங்க வந்திருக்கீங்களேன்னுதான் கேக்கறேன். அதைக் கொஞ்சம் வாசக் கேட்டுக்கிட்ட எடுத்து வெச்சுப்போட்டீங்கன்னா புண்ணியமா இருக்குமுங்க."

"சரிங்க" என்றார் ராமுலு. யோசிக்காமலே வாயில் வருகிற சரி.

ராமாமணி ஓடினார். ராமுலு அதற்குள் ட்ரம்மருகே போயிருந்தார். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, உள்ளே பார்த்தபடி நின்றார். அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. அப்படி மாறாமல் இருந்ததைத்தான் ராமாமணியால் பார்க்க முடியவில்லை.

"விடுங்க ராமுலு. நீங்க இதத் தொடாதீங்க."

"பரவால்லீங்க டீச்சர். நமக்குப் பழகுனதுதானுங்க."

ராமுலு தன் மகளோடு தெலுங்கில் பேசுவதை ராமாமணி வாசலில் பலமுறை கேட்டிருக்கிறார். தன் வீட்டுப் பேச்சும் அதுதான். ஆனால் ஒருநாளும் அவரிடம் தெலுங்கில் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏன் பேசவில்லை என்று யாரும் கேட்டதுமில்லை. இப்போது முதல் தடவையாகத் தெலுங்கில், "வேண்டாம் ராமுலு, உங்களைக் கும்பிடறேன்" என்றார்.

ராமுலு நிமிர்ந்து பார்த்தார். பிறகு அதே மொழியில், மிகவும் மெதுவாகச் சொன்னார்: "பிரீத்திகா கை கழுவ இந்தப் பக்கம்தான் வரும். அதுக்கு முந்தி மூடிப்போடலாம் டீச்சர்." கீழே கிடந்த எச்சில் இலைகளை எடுத்து, தன் மனைவி பிழிந்த சந்தகையின்மேல் ஒவ்வொன்றாகப் போட்டு மறைத்தார்.

ராமாமணி குழாயடிக்குப் போனார். கிருபாசங்கர் நான்கைந்து பெற்றோர்களோடு நின்று பேசிக்கொண்டிருந்தார்.

"அந்த ட்ரம்மை நீங்க எடுங்க."

"என்னங்க டீச்சர்?"

"அதுல கொட்டுனது நீங்க. நீங்களே எடுத்துட்டுப் போயி வெய்ங்க."

கிருபாசங்கர் குரலை உயர்த்தவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். புள்ளைங்க சாப்புடற எடமுங்க. அவரு என்ன வேலை பாக்கறாருன்னு உங்களுக்குத் தெரியாதுங்களா? சுத்தம்னு ஒண்ணு பாக்கோணுமில்லீங்களா?"

"சமைச்சது அவரில்லீங்க. அவரு சம்சாரம். அவங்க மில்லுல வேலை பாக்கறாங்க."

சொல்லி முடிப்பதற்குள் தன் வார்த்தையே அவர் நாக்கில் கசந்தது. அப்படியானால், ராமுலு சமைத்திருந்தால் கொட்டலாமா? ஊர்க் குப்பையை அள்ளியவர் வீட்டுக்குப் போய்க் குளிக்க மாட்டாரா?

கிருபாசங்கர் இன்னும் பணிவாகக் கேட்டார்: "நீங்க ஒரு வாய் சாப்பிட்டீங்களாங்க டீச்சர்? அவங்க ஊட்டுல இதுவரைக்கும் ஒருவாய்த் தண்ணி குடிச்சிருக்கீங்களா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க."

குப்பை எடுக்க வருகிற பெண் தண்ணீர் கேட்கும்போது தான் என்ன செய்கிறோம் என்பது ராமாமணிக்கு நினைவு வந்தது. பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் கொடுத்து, "நீயே வெச்சுக்கோம்மா" என்பார். அதைத் தாராளம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"இல்லீங்க" என்றார். "குடிச்சதில்லீங்க. உங்களைப் பாத்தாக் குமட்டுது. என்னை நெனைச்சா அதுக்கு மேல குமட்டுது."

திரும்பிப் போய், ட்ரம்மின் விளிம்பைப் பிடித்து இழுத்தார். அது லேசில் நகரவில்லை. சாய்த்து, உருட்டி, தரையில் கரகரவென்று இழுத்துக்கொண்டு பந்தலுக்கு நடுவிலேயே வந்தார். பாயசமும் ரசமும் தளும்பிப் பட்டுப்புடவையின் கொசுவத்தில் கொட்டின. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். ஃபாதர் எழுந்து நின்றார், என்ன ஏது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். பிள்ளைகள் டீச்சர் ஏதோ விளையாடுகிறார் என்று சிரித்தார்கள். பிரீத்திகாவும் சிரித்தாள். ராமுலு அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார்.

"ஏனுங்க, யாராச்சும் டீச்சருக்கு ஒரு கை புடிங்க" என்றார் கிருபாசங்கர். ஒருவரும் அசையவில்லை. அவரும்தான்.

மறுநாள் சிஸ்டர் ராமாமணியைக் கூப்பிட்டு, "விழாவையே கெடுத்துட்டீங்களே டீச்சர்" என்றார். சந்தகையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் சுகாதாரத்தைப் பற்றி நிறையச் செய்திகள் வந்தன. ஒவ்வொன்றின் கடைசியிலும் கும்பிடும் கைகள். ராமுலுவின் பெயரை யாரும் எழுதவில்லை. ராமுலுவும் அந்தக் குழுவில் இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ராமாமணி ராமுலுவின் வீட்டுக்குப் போனார். வரதராஜுலு வண்டியில் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிட்டார், உள்ளே வரவில்லை. புவனா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். ராமாமணி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடாது என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. இருந்தாலும் குடித்தார்.

"இவரு சொன்னாருங்க, தூக்கு காலியாத்தான் வந்துச்சுன்னு" என்றாள் புவனா. முகமெல்லாம் சிரிப்பு. "புள்ளைங்களுக்குப் புடிச்சுதுங்களா டீச்சர்?"

ராமுலு கதவு நிலையில் சாய்ந்து நின்று ராமாமணியைப் பார்த்தார். நடந்ததைச் சொல்லத்தான் ராமாமணி வந்திருந்தார். அந்தப் பார்வை வேண்டாம் என்றது.

"ரித்விக்னு ஒரு பையன். ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்."

அது பொய்யில்லை. ஆனாலும் வாயில் வைத்துக்கொள்ள முடியாத எதையோ விழுங்கியதுபோல் இருந்தது.

"அடுத்த வருசம் முன்னாடியே லீவு சொல்லிவெச்சு நானே கொண்டாறேனுங்க" என்றாள் புவனா.

அடுத்த வருஷம் வீட்டுச் சாப்பாடு கிடையாது என்று பள்ளி அறிவித்துவிட்டது. கேட்டரிங்காரரிடமிருந்து பொட்டலங்கள் வந்தன. "ஏழை, பணக்காரர் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும் ஒரே உணவு" என்று சிஸ்டர் மைக்கில் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ராமாமணிக்கு வண்டிகளை ஒழுங்காக நிறுத்தவைக்கும் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். லீவு போட்டுவிட்டு வந்திருந்த புவனா கேட்டருகே நின்று, "ஏனுங்க டீச்சர், நாங்கல்லாம் சமைக்கறதை எதுக்கு நிறுத்திப்போட்டாங்க?" என்று கேட்டாள். ராமாமணி அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார், அங்கேயே, ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று. புவனா கேட்டுக்கொண்டாள். அழவில்லை. உள்ளே போய்ப் பொட்டலம் நீட்டிய கையையும் பொட்டலத்தையும் பார்த்துவிட்டு, வாங்காமல், மகளின் கும்மியைக் கடைசிவரை நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மார்ச்சில் பரீட்சை முடிந்ததும் ராமாமணி வேலையை விட்டார். ஓய்வு பெற இன்னும் சில வருஷங்கள் இருந்தன. வரதராஜுலுவுக்கு இது பிடிக்கவில்லை. "நீ வந்துட்டா மட்டும் அங்க மாறிடுமா?" என்று கேட்டார். "மாறாதுங்க. எனக்கு அங்க சோறு எறங்க மாட்டேங்குது" என்றார் ராமாமணி.

வழியனுப்பும் நாளில் அவரைப் புகழ்ந்து ஆளுக்கொரு வார்த்தை பேசினார்கள். பிள்ளைகளின் அசிங்கத்தையெல்லாம் முகம் கோணாமல் துடைத்தவர் என்று சிஸ்டர் சொன்னார். பெற்றோர் சங்கத்தின் சார்பில் கிருபாசங்கர் மேடைக்கு வந்து, சால்வையை விரித்துப் பிடித்து, "நல்லா இருக்கோணுமுங்க டீச்சர்" என்றார்.

"வேண்டாமுங்க" என்றார் ராமாமணி. கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்திருக்கவில்லை. கிருபாசங்கர் சால்வையை மடிக்கவும் தெரியாமல், போர்த்தவும் முடியாமல், சிரித்துக்கொண்டே நின்றார்.